சீந்தில் சர்க்கரை: கொடியைக் கண்டறிவது முதல் மாவைக் காயவைப்பது வரை

பெயரில்தான் சர்க்கரை. நாக்கில் வைத்தால் இனிப்பே இருக்காது. சீந்தில் தண்டை இடித்து, நீரில் கசக்கி, படியவைத்து எடுக்கும் வெள்ளை மாவைத்தான் சித்த மருத்துவத்தில் சீந்தில் சர்க்கரை என்கிறோம். ஆயுர்வேதத்தில் இதுவே குடூசி சத்வம். ஒரு கிலோ பச்சைத் தண்டில் 20, 30 கிராம் தேறினால் நல்ல கொடி என்று அர்த்தம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடையில் மலிவாக விற்கும் பொட்டலத்தைப் பாருங்கள். வேறு மாவு கலப்பது இதில் சர்வ சாதாரணம். அயோடின் சொட்டுவிட்டுச் சோதிக்கலாம் என்பார்கள், நம்ப வேண்டாம். எந்த மாவுச்சத்தும் அயோடினில் நீலக் கறுப்பாகத்தான் மாறும்.

முதலில் கொடி

இதய வடிவ இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த வடிவில் வேலிக்கு நாலு கொடி இருக்கும். தண்டைப் பாருங்கள். முற்றிய தண்டின் மேல்தோல் காகிதம்போல் மெல்லிசாக உரியும், உள்ளே பச்சை தெரியும். தோலில் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள் இருக்கும். குறுக்கே வெட்டினால் வண்டிச்சக்கரத்து ஆரக்கால்போல் கோடுகள். மேல் கிளைகளிலிருந்து நூல் நூலாக விழுதுகள் தொங்கும். வெட்டிப்போட்ட தண்டுகூட மரக்கிளையில் கிடந்தபடியே விழுது இறக்கித் தரையைத் தொட்டுப் பிழைத்துக்கொள்ளும். அமிர்தவல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஏமாற்றும் உறவுக்காரக் கொடி ஒன்று உண்டு: தாவரவியலில் டைனோஸ்போரா கிரிஸ்பா. நமக்கு வேண்டியது டைனோஸ்போரா கார்டிஃபோலியா. கிரிஸ்பாவின் தண்டு சாம்பல் நிறம், முழுக்க முண்டு முண்டாக இருக்கும், கீறினால் பால்போல் கசியும். பழம் நீள்வட்டமாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நம் சீந்திலின் பழம் உருண்டையாகச் சிவந்திருக்கும். இலையின் அடிப்புறம் மெத்தென்று ரோமம் படர்ந்திருந்தால் அதுவும் வேறு இனம். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி என்பதால், பழம் இல்லையே என்று ஒரு கொடியை ஒதுக்கிவிடாதீர்கள். தண்டுதான் சாட்சி.

வளர்ப்பது

விதையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பென்சிலைவிடத் தடித்த தண்டில், இரண்டு கணு வருமாறு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தலைகீழாக நடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இலை விழுந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அந்த மொட்டு வானம் பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தால் வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். ஆனி, ஆடியில் நட்டால் ஒரு மாதத்தில் துளிர்க்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிப்போகும்.

வேம்பில் ஏறிய சீந்திலுக்குத்தான் மருத்துவர்களிடம் மதிப்பு. ஆனால் சீந்தில் ஒட்டுண்ணி இல்லை, தன் வேரில்தான் வாழ்கிறது. வேம்பு கிடைக்காவிட்டால் பந்தலோ கம்பிவேலியோ போதும். முருங்கையில் மட்டும் ஏற்றாதீர்கள், பாரம் தாங்காமல் கிளை ஒடியும். எட்டி மரத்தில் படர்ந்த கொடியிடம் போகவே வேண்டாம். அறுக்கும்போது ஒரு எட்டிக் குச்சி கலந்தாலும் விஷம்.

எலுமிச்சை, மாதுளைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழத்தைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் புழு சீந்தில் இலையைத் தின்றுதான் வளர்கிறது. பக்கவாட்டில் கண் வரைந்ததுபோல் வட்டங்களுடன் வளைந்து நிற்கும் புழு அதுதான். பழத்தோட்டத்தின் ஓரத்தில் சீந்திலை வைக்காதீர்கள்.

சர்க்கரை எடுப்பது

கோடையில், கொடி இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது அறுங்கள். அப்போது மாவு தண்டில் சேர்ந்திருக்கும். மழை பெய்து துளிர்விட்ட பிறகு அறுத்தால் உழைப்பு வீண். கட்டைவிரல் பருமனுக்குக் குறைந்த தண்டு வேண்டாம். தரையிலிருந்து ஒரு அடி விட்டு அறுத்தால் கொடி மறுபடி தழைக்கும். காய்ந்த தண்டு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் அது குடிநீருக்கும் (கஷாயம்) சூரணத்துக்கும் (பொடி மருந்து)தான் சரி.

மேல்தோலை முழுக்கச் சுரண்டுங்கள். இங்கே சோம்பல்பட்டால் மாவு பழுப்பாகத்தான் வரும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் வெளுக்காது. இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி உரலில் இடியுங்கள். மிக்ஸி வேண்டாம். அதில் நார் பொடிப்பொடியாகி, துணி வழியே இறங்கி மாவோடு படிந்துவிடும். நசுங்கினால் போதும், அரைபடக் கூடாது.

1 கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர். பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் மாவு வெந்து கஞ்சியாகிவிடும், அத்தோடு கதை முடிந்தது. ஊறிய பின் கையால் நன்றாகப் பிசைந்து கசக்குங்கள். இரவு முழுக்க ஊறட்டும் என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பதைச் சித்திரை வெயிலில் அப்படியே பின்பற்றினால் புளித்துப்போகும். நம்மூர் கோடைக்கு 4, 5 மணி நேரம் போதும். நுரை கட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

வெள்ளை மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். இனி வருவதுதான் பெரும்பாலானவர்கள் தோற்கும் இடம். வடித்த நீரை நாலு மணி நேரம் வைத்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது, மேலே கலங்கலாகவே நிற்கும். மாவே இல்லை என்று நினைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். மாவு இருக்கிறது. சீந்திலின் வழவழப்பு அதைப் படியவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது. வடித்த நீரின் அளவுக்கே இன்னொரு பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு கலக்கு கலக்கி, அசைக்காமல் வையுங்கள். வழவழப்பு நீர்த்ததும் மாவு இறங்கும். அகலமான கண்ணாடிப் பாத்திரம் இருந்தால் நல்லது, படிவது கண்ணுக்குத் தெரியும். மண்சட்டி பார்க்க அழகு, ஆனால் ஈரமாவு அதில் ஒட்டிக்கொண்டு வராது.

தெளிந்த நீரைச் சாய்த்து ஊற்றினால் கடைசியில் மாவும் சேர்ந்து ஓடும். மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயால் மேலிருந்து உறிஞ்சி இறக்குங்கள். மலிவான குழாய்தான், இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மறுபடி 2 லிட்டர் தண்ணீர், கலக்கு, படியவிடு, இறக்கு. மூன்று தடவையில் வெளுத்துவிடும். ஏழெட்டுத் தடவை கழுவிப் பளீரென்று ஆக்குவது பார்ப்பதற்குத்தான். கசப்புச் சத்துகள் நீரில் கரைந்து போய்விடும், மிஞ்சுவது வெறும் மாவு. லேசான கசப்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள்.

அடியில் தங்கிய மாவைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே துணி கட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். கனமாகப் பரப்பினால் மேலே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். விரலால் நசுக்கினால் பொடியாக உதிரவேண்டும். பிறகு சலித்துக் கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள்.

பயன்படுத்தும்போது

சுரம், உடல் எரிச்சல், நீரிழிவு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். அளவும் துணைமருந்தும் நோயைப் பொறுத்தது, அதை அவர்களிடமே கேளுங்கள். குடிநீர் வேறு, சர்க்கரை வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக்கூடாது.

பின்சேர்ப்பு: "இயற்கைதானே, தினமும் குடிக்கலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேள்வி வருவதால் இதைச் சேர்க்கிறேன். குடிக்காதீர்கள். 2021-ல் மும்பையிலிருந்து, சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். தவறான கொடி கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் சொன்னது, சண்டை அத்தோடு முடியவில்லை. கல்லீரல் நோய், தைராய்டு உள்ளிட்ட தன்னெதிர்ப்பு நோய்கள் (உடலின் எதிர்ப்புசக்தியே உடலைத் தாக்கும் நோய்கள்) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தொடக்கூடாது. நீரிழிவுக்கு மாத்திரை போடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருத்துவர் சொல்லி எடுப்பவர்களும் சிறுநீர் அடர்மஞ்சளானாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்தி, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.