மணல் எங்கிருந்து வந்தது? பாதாளச் சாக்கடைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் ஓர் அடைப்பை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் ஹோஸை, அதாவது ஜெட்டை, குழாய்க்குள் விட்டார்கள். தேங்கியிருந்த தண்ணீர் இறங்கியது. மேன்ஹோலில் வந்து சேர்ந்ததை உறிஞ்சி லாரியில் ஏற்றினார்கள், மூடியைப் போட்டார்கள். "முடிஞ்சது சார்" என்றான் ஒருவன். லாரிக்குள் என்ன போனது என்று கேட்டேன். "கசடுதான் சார்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையுறை போடு, மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதே என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். பயிற்சியில் வராதவற்றை மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலும் நானே செய்த தவறுகள்தான்.

பொங்கும் இடத்திலேயே அடைப்பைத் தேடுவது

தண்ணீர் பொங்கும் மேன்ஹோல் அடைப்பு இருக்கும் இடம் அல்ல. அடைப்பின் விளைவு தெரியும் இடம். ஓட்டத்தின் திசையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டே போங்கள். நிரம்பிக் கிடக்கும் கடைசி மேன்ஹோலுக்கும் காய்ந்து கிடக்கும் முதல் மேன்ஹோலுக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கும். ஜெட்டை அந்தக் காய்ந்த பக்கத்திலிருந்து, கீழிருந்து மேலாக விட வேண்டும். ஹோஸின் முனையில் இருக்கும் நாசிலின் பின்பக்கத் துளைகளில் பீய்ச்சும் தண்ணீர் ஹோஸை மேல்நோக்கித் தள்ளும். திரும்ப இழுக்கும்போது கசடை உங்கள் காலடிக்கே கொண்டுவந்து சேர்க்கும். மேலிருந்து தள்ளினால் அடைப்பு இங்கே விலகி அடுத்த தெருவில் போய் உட்காரும். அந்தத் தெருவிலிருந்து வரும் புகாருக்கும் நீங்களே போவீர்கள், அது வேறு அடைப்பு என்று நினைத்துக்கொண்டு.

வந்த மணலை அள்ளிவிட்டுப் போய்விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதலில் என் மீது, அப்புறம் அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்த புகார்ப் படிவத்தின் மீது. "அடைப்பு நீக்கப்பட்டது" என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. என்ன வெளியே வந்தது என்று எழுத ஒரு வரி கூட இல்லை.

என் பொறுப்பில் ஒரு லைன் இருந்தது. மாதம் ஒருமுறை அடைக்கும். நான் போவேன், ஜெட் விடுவேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் மணல். முதலில் அரை வாளி, பிறகு ஒரு வாளி, அப்புறம் மூன்று. வேகமாக முடிக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஜெட் வண்டி ஓட்டிய பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, மாசாமாசம் இந்த மணலை யாரு உள்ள கொட்டுறா?" ரோட்டிலிருந்து வருகிறது அண்ணே என்றேன். அவர் ஒரு பிடி எடுத்துக் காட்டினார். "ரோட்டு மண்ணு கறுப்பா இருக்கும், தார்த்துணுக்கு இருக்கும், மழை பேஞ்சாத்தான் வரும். இது சுத்தமா மஞ்சளா இருக்கு. மழையே இல்லாம வருது." நான் சிரித்துவிட்டு மூடியைப் போடச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து ஓர் இரவு, பாரம் ஏற்றிய லாரி ஒன்றின் பின்சக்கரம் அந்தச் சாலையில் இறங்கியது. தாரைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே ஓர் அறை அளவுக்குக் காலி. தார் ஒரு பாலம் மாதிரி மேலே நின்றுகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். குழாயின் ஓர் இணைப்பு கையை நுழைக்கும் அளவுக்கு விலகியிருந்தது. குழாய்க்கு மெத்தையாகப் போட்ட மணலும் சுற்றியிருந்த மண்ணும் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. நான் மாதாமாதம் வாளியில் அள்ளியது சாலையின் அடித்தளத்தை.

இது நடக்கும் விதம் எளிது. குழாய் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், விரிசல் வழியாக வெளித்தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு உள்ளே வரும். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தாலும் தப்ப முடியாது. அடைப்பில் குழாய் நிரம்பும்போது கழிவுநீர் விரிசல் வழியே வெளியே போய் மண்ணை ஊறவைக்கும். நீங்கள் அடைப்பை எடுத்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், ஊறிய மண் தண்ணீரோடு உள்ளே திரும்பி வரும். போதாக்குறைக்கு உயர் அழுத்த ஜெட் அந்த இடுக்கை ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவிக் கொடுக்கிறது. நான் எடுத்த ஒவ்வோர் அடைப்பும் அடுத்த அடைப்புக்கான மணலைத் தயார் செய்துவிட்டுப் போனது. இதுதான் இன்னும் ஆறவில்லை. சும்மா இருந்திருந்தாலாவது கொஞ்சம் மெதுவாகக் கெட்டிருக்கும்.

முதல் மாதமே குழாய்க்குள் கேமரா விட்டிருந்தால் அந்த இணைப்பை உள்ளிருந்தே ஒட்டுப்போட்டிருக்கலாம். சாலையைத் தோண்டவே தேவையிருந்திருக்காது. கடைசியில் சாலையை முழு அகலத்துக்குத் தோண்டினோம். சரிவில் குடிநீர்க் குழாயும் உடைந்தது. கழிவுநீரைத் தற்காலிகக் குழாயில் சுற்றிவிட இரவு பகலாக வாரக்கணக்கில் பம்ப் ஓட்டினோம்.

பெரிய குழாயில் இதே கதை நடந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் பார்த்தார்கள். 2025 ஜனவரி 28 அன்று, சைத்தாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் ஒரு சந்திப்புச் சாலை உள்வாங்கி, ஒரு லாரி உள்ளே விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய். அது அரிக்கப்பட்டு, மேலிருந்த மண் உள்ளே இறங்கியதுதான் காரணமாகக் கருதப்பட்டது. சுமார் 12 லட்சம் பேரிடம் தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது.

கான்கிரீட் குழாய் அரிக்கப்படுவது அடியில் அல்ல, கூரையில். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரமான கூரையில் படிகிறது, அங்கிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது, அமிலம் சிமெண்டைத் தின்கிறது. தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதி புதிது போலவே இருக்கும். கேமராவில் அடிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு "குழாய் நல்லா இருக்கு" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே, உறிஞ்சும் முன் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுத்தமான மணல் என்றால் இணைப்பு விலகியிருக்கலாம். கூர்மையான ஜல்லி என்றால் பள்ளத்தை மூடப் போட்ட நிரப்பு கரைந்து வருகிறது. செங்கல் துண்டு மேன்ஹோல் சுவரிலிருந்து வந்திருக்கும். வெண்சாம்பல் நிறத்தில் கூழ்போல வந்தால் கூரை போய்க்கொண்டிருக்கிறது. போட்டோ எடுங்கள், எத்தனை வாளி என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் ஒரே லைனில் இரண்டு முறை மணல் வந்தால், மூன்றாவது முறை ஜெட்டுக்கு முன் ஆய்வுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கேமரா போக வழியில்லாதபடி அடைத்திருந்தால், வழி விடும் அளவுக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்து ஜெட் விடுங்கள். மேலே சாலையில் லேசான பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் சாலையில் விழுந்திருந்தது. அதன் மேல் தார் போட்டுச் சமன் செய்திருந்தார்கள்.

வேரை வெட்டியதோடு நிறுத்துவது

குழாய்க்குள் நுழைந்த மரவேரை வெட்டினால், கிளை வெட்டிய செடிபோல இன்னும் அடர்ந்து வரும். வேர் நுழைந்த இணைப்பை அடைத்து மூடுங்கள்.

கொழுப்பைச் சுடுநீரில் கரைப்பது

கரையும். கொஞ்ச தூரம் போய் ஆறியதும் மறுபடி உறையும்.

பெரிய குழாய் போட்டால் அடைக்காது என்று நம்புவது

இந்த யோசனையை நானே ஒருமுறை எழுதிக் கொடுத்து, மேலதிகாரி திருப்பி அனுப்பினார். அன்றைக்குக் கோபம் வந்தது. கழிவுநீர்க் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ள, நாளில் ஒருமுறையாவது ஓட்டம் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். அந்த வேகம் குழாயின் வாட்டத்தை, அதாவது சரிவைப் பொறுத்தது, தண்ணீரின் ஆழத்தையும் பொறுத்தது. அதே அளவு தண்ணீரை, அதே வாட்டத்தில், அகலமான குழாயில் விட்டால் அடியில் மெல்லிய படலமாகத்தான் ஓடும். தண்ணீர் போய்விடும், திடப்பொருள் தங்கிவிடும். 200 மில்லிமீட்டர் குழாய்க்கு 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டமாவது வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்து வாட்டம் போயிருந்தால், அந்தத் தொய்வைச் சரிசெய்வதுதான் வேலை.

நாற்றம் போனதும் வாயு போய்விட்டது என்று நினைப்பது

ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை மாதிரி நாறும். பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கே மரத்துவிடும். "இப்ப நாத்தம் இல்ல" என்று ஒருவர் சொன்னால், நிலைமை முன்னைவிட மோசமாகியிருக்கலாம். வாயுமானியை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். அதையும் வேலை தொடங்கும் முன் ஒரே தடவை பார்த்துவிட்டு அணைத்து வைக்கக் கூடாது. அடியில் படிந்த கசடைக் கலக்கும்போதுதான் அதுவரை அடங்கியிருந்த வாயு வெளியே வரும். இயந்திரம் செய்ய வேண்டிய வேலைக்கு ஆளை இறக்கவே கூடாது என்பது வேறு விஷயம், அதில் பேச ஒன்றுமில்லை. ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதும், அவருக்குப் பின்னால் இன்னொருவர் குதிப்பதும்தான் ஓர் இறப்பை மூன்றாக்குகிறது.

பெட்ரோல் வாடையைச் சாக்கடை நாற்றம் என்று பதிவு செய்வது

மெக்சிகோவின் குவாதலஹாராவில், சாக்கடையிலிருந்து பெட்ரோல் வாடை வருகிறது என்று மக்கள் சில நாட்களாகவே புகார் சொன்னார்கள். கசிந்த எரிபொருள் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கியிருந்தது. 1992 ஏப்ரல் 22 அன்று தெருத்தெருவாக வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். புகார் எடுப்பவர் "என்ன மாதிரி நாத்தம்?" என்று ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

மழைத்தண்ணீர் வடிய மேன்ஹோலைத் திறப்பது

திறக்காதீர்கள். தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியாக அந்தத் தண்ணீர் திரும்பி வரும்.

பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது

கழிவுநீரை இறைக்கும் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். மழையில்லாத நாளில், எல்லோரும் தூங்கும் அதிகாலை 3 மணிக்கு, பம்ப் விடாமல் ஓடுகிறது என்றால் அது வீடுகளின் கழிவுநீராக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நேரத்தில் போய் மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்தால், தெளிந்த தண்ணீர் ஓடுவது தெரியும், விரிசல் வழியாக உள்ளே வரும் நிலத்தடி நீர். எந்தக் கிளையில் தெளிவாக வருகிறதோ அதைப் பிடித்து மேலே போங்கள். நான் மேலே சொன்ன மணல் லைனை அப்படிப் பின்தொடர்ந்திருந்தால் ஒரே இரவில் கண்டுபிடித்திருக்கலாம். பம்ப் பதிவேடு எங்கள் மேசையிலேயே இருந்தது.

மூடிமேல் தார் போட விடுவது

போட்ட அன்றே வெட்டி எடுங்கள். அடுத்த அடைப்பின்போது அது எங்கே இருந்தது என்று தெரியாமல் சாலையில் கடப்பாரையோடு தட்டிக்கொண்டு அலைவீர்கள்.