மாதிரிப் பாய்மரப் படகு: பிள்ளைகளுக்கு வடிவமைப்பைக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பிள்ளைகளுக்கு மாதிரிப் படகு செய்யக் கற்றுக்கொடுப்போர் முதலில் கைவிட வேண்டியது, அளவாக வெட்டிய துண்டுகளைக் கையில் கொடுத்து ஒட்டச் சொல்லும் வழக்கத்தையே. ரெஜிபோம் (இலேசான வெள்ளை நுரைப் பலகை) துண்டின் நீளத்தையும் பாய்மரத்தின் உயரத்தையும் பிள்ளையே கடதாசியில் வரைந்து தீர்மானிக்காவிட்டால், அங்கே நடப்பது கைவேலை மட்டுமே.

பெரிய கப்பலின் படத்தைப் பார்த்து அப்படியே சிறிதாக்குவது இன்னொரு தவறு. எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் பாயின் பரப்பு நான்கில் ஒன்றாகவும், படகின் எடை எட்டில் ஒன்றாகவும் குறையும். விசை செயற்படும் தூரங்களும் பாதியாவதால், படகைச் சாய்க்கும் திருப்பம் (விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது) எட்டில் ஒன்றாக, நிமிர்த்தும் திருப்பமோ 16இல் ஒன்றாகிவிடும். காற்று மாறாதிருக்க, படகு மட்டும் கவிழ்வதற்கு இரு மடங்கு அணியமாகிவிடும். இதைத் தவிர்க்கப் பாயைச் சிறிதாக்கலாம்; படகின் அடியில் நீருக்குள் செங்குத்தாக இறங்கும் அடிப்பலகையை நீட்டி அதன் நுனியில் இரும்பு நட்டுகளைக் கட்டலாம் (தூண்டில் ஈயத்தைச் சிறுவர் கையில் கொடுக்கக் கூடாது). நீர்கொழும்பு மீனவரின் ஒருவ வள்ளமோ ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக் கட்டையைக் கொண்டது. அந்தப் பக்கம் எப்போதும் காற்றை நோக்கியிருக்க, முன்முனையையும் பின்முனையையும் மாற்றி மாற்றியே அதைச் செலுத்துவார்கள். ஒரே சிக்கலுக்கு இத்தனை விடைகள் உண்டு என்பதைக் காட்டாமல் ஒன்றை மட்டும் சரியென்று சொல்லிவிடுவது பிள்ளையின் யோசனையை அடைத்துவிடும்.

படகு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தால் பெரியவர் உடனே பாயைப் பிடுங்கித் திருத்தக் கூடாது. பாயைக் கழற்றிவிட்டு, மிதக்கும் படகின் பக்கத்தை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் தள்ளும்போது படகு திரும்பாமல் நேராக விலகுகிறதோ, அந்த இடத்துக்கு மிகப் பின்னால் பாயின் மையம் இருந்ததே காரணம் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அதன்பின் பாய்மரத்தைச் சற்று முன்னே நகர்த்தலாம். ஆனால் அதே தடவையில் சுக்கானையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

வர்ணம் பூசுவது கடைசி வேலை.

வாளித் தண்ணீரில் மிதந்ததும் சோதனை முடிந்ததாகக் கருத வேண்டாம். அகலமான பேசினில் மேசை விசிறியின் காற்றைப் பக்கவாட்டில் கொடுத்துப் பார்த்த பின்னரே வெளியே கொண்டு செல்லலாம். கொழும்பின் பேர வாவியைச் சூழ்ந்த உயர்ந்த கட்டடங்களால் காற்று சுழன்று வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றும் பலமாக வீசும். ஆகவே, படகில் மெல்லிய நூல் கட்டியே விட வேண்டும். அதை இழுத்தெடுப்பது கரையில் நிற்கும் பெரியவரின் பொறுப்பு.