இயந்திரக் கற்றல் லைப்ரரிக்கு சி இடைமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைப்ரரியின் உள்ளே சி பிளஸ் பிளஸ். அதை அழைக்கக் காத்திருப்பவை பைதான், ஜாவா, ஆர், ரஸ்ட். எல்லோருக்கும் பொதுவான வாசல் சி இடைமுகம்தான். அண்மையில் இத்துறைக்குப் புதியவர்கள் எழுதிய சில ஹெடர் கோப்புகளை, அதாவது வெளியே தெரியும் ஃபங்ஷன்களின் அறிவிப்புகளை, திருத்த உட்கார்ந்தேன். நாங்கள் அந்தக் காலத்தில் எழுதிய கோளாறுகள் ஒன்று விடாமல் அப்படியே இருந்தன. எக்ஸ்டெர்ன் சி (பெயரைச் சி பாணியிலேயே வெளியிடச் சொல்லும் குறி) போட மறப்பது, பெயர்களுக்கு முன்னொட்டு வைக்காதது போன்றவற்றை நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நினைவகம் யாருடையது என்று சொல்லாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கணிப்புக்கான ஃபங்ஷன் ஒரு ஃப்ளோட் பாயிண்டரை, அதாவது தசம எண்கள் இருக்கும் நினைவக முகவரியை, தருகிறது. மேலே "கணிப்புகளைத் தரும்" என்று ஒரு வரிக் குறிப்பு. அந்த இடத்தை ஒதுக்கியவர் யார், விடுவிக்க வேண்டியவர் யார், எதுவரை அதைப் படிக்கலாம்? ஒன்றுக்கும் பதில் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பழைய மாடலையும் புதிய மாடலையும் ஒப்பிட்டார்கள். பழையதை ஓட்டி ஒரு பாயிண்டர், புதியதை ஓட்டி இன்னொரு பாயிண்டர், பிறகு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார்கள். ஒரு வரிசையில்கூட வேறுபாடு இல்லை. மகிழ்ந்துபோய்ப் புதியதை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய லைப்ரரியோ ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழைக்கும்) ஒரே ஒரு பஃபர், அதாவது விடைகளை வைக்கும் நினைவக இடம், வைத்துக்கொண்டு எல்லாக் கணிப்புகளையும் அதிலேயே எழுதிவந்தது. இரண்டு பாயிண்டர்களும் ஒரே முகவரி. இரண்டாம் விடை முதல் விடையை அழித்திருந்தது. ஒரு எண்ணை அதிலிருந்தே கழித்தால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? நிரல் முறிந்து விழுந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். விழவில்லை, வாடிக்கையாளர்கள்தான் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

உள் பஃபரைக் கடன் கொடுப்பது குற்றமல்ல. எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரியும் கொடுக்கிறது, ஆனால் பயன்படுத்தும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹெடரிலேயே எழுதிவைத்திருக்கிறது. எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

இதன் இன்னொரு முகம்: "ஃப்ரீ (நினைவகத்தை விடுவிக்கும் சி ஃபங்ஷன்) போட்டுவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவது. லினக்ஸில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் டிஎல்எல் (லைப்ரரிக் கோப்பு) ஒரு சி ரன்டைமோடும் அதை அழைக்கும் நிரல் இன்னொன்றோடும் இணைந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஹீப், அதாவது நினைவகம் ஒதுக்கும் தனிக் கிடங்கு. அங்கே ஒதுக்கியதை இங்கே விடுவித்தால் ஹீப் சிதையும். லைப்ரரி உள்ளே சி பிளஸ் பிளஸின் நியூ கொண்டு ஒதுக்கியிருந்தால் எந்த மேடையிலும் அது தவறு.

கணிப்புகளுக்கு, அழைப்பவரே பஃபர் தருவதைத்தான் நான் விரும்புகிறேன். லைட்ஜிபிஎம் என்ற லைப்ரரி அப்படித்தான் கேட்கிறது. எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லத் தனி ஃபங்ஷனும் வைத்திருக்கிறது. மாடல் போன்ற பெரிய பொருள்களை லைப்ரரியே உருவாக்கட்டும், அழிக்கும் ஃபங்ஷனையும் அதுவே தரட்டும். உள்ளே வரும் தரவை நகலெடுக்காமல் வைத்துக்கொள்வதானால் வேலை முடிந்ததும் அழைக்க ஒரு டீலீட்டரை, அதாவது அந்தத் தரவை விடுவிக்கும் ஃபங்ஷனை, கேட்டு வாங்குங்கள். டென்சர்ஃப்ளோவின் சி இடைமுகத்தில் டென்சர் உருவாக்கும்போது டீஅலோகேட்டர் கேட்பது இதற்காகத்தான். கேட்காவிட்டால், பைதான் பக்கம் நம்பை (எண் அணிகளுக்கான பைதான் லைப்ரரி) அணி குப்பைக்குப் போன பிறகும் உங்கள் லைப்ரரி அதே முகவரியைப் படித்துக்கொண்டிருக்கும்.

எக்ஸெப்ஷனை வெளியே தப்பவிடுவது

சி பிளஸ் பிளஸ் எக்ஸெப்ஷன் (பிழை நேர்ந்ததும் எறியப்படும் அறிவிப்பு) சி எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரும்பாலும் முழு நிரலும் சாகும். வெளியே தெரியும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் ட்ரை, கேட்ச் இரண்டுக்குள் அடையுங்கள். நினைவகம் தீர்ந்துபோவதையும் சேர்த்துத்தான். எக்ஸ்ஜிபூஸ்ட் வெற்றிக்கு 0, தோல்விக்கு -1 திருப்புகிறது. விவரத்தைக் கடைசிப் பிழையைச் சொல்லும் தனி ஃபங்ஷனிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பிழைச் செய்தியை த்ரெட்டுக்கு ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் ஒருவருடைய பிழையை இன்னொருவர் படிப்பார்.

எல்லா ஹேண்டிலும் வாய்ட் பாயிண்டர்

ஹேண்டில் என்பது லைப்ரரியின் பொருளைக் குறிக்க அழைப்பவர் கையில் இருக்கும் அடையாளம்; வாய்ட் பாயிண்டர் என்பது வகை சொல்லாத முகவரி. எல்லாம் அப்படியே இருந்தால், மாடல் கேட்ட இடத்தில் தரவைக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரக்ட் பெயர் அறிவித்து, அதன் உள்ளடக்கத்தை மட்டும் மறைத்துவையுங்கள்.

லாங்

இந்த முழு எண் வகை இடைமுகத்தில் வேண்டாம். 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32.

ஸ்டிரைடின் அலகு

ஸ்டிரைடு என்பது அணியில் அடுத்த உறுப்புக்கோ வரிசைக்கோ போக எவ்வளவு தாண்ட வேண்டும் என்பது. டிஎல்பேக் (லைப்ரரிகள் டென்சர்களைப் பகிரும் பொது வடிவம்) உறுப்புகளில் எண்ணுகிறது, நம்பை பைட்டுகளில். உங்களுடையது எது என்று எழுதுங்கள்.

அமைப்புகளை (செட்டிங்ஸ்) திறந்த ஸ்ட்ரக்டில் அடுக்குவது

அடுத்த பதிப்பில் ஒரு புலத்தைச் சேர்ப்பீர்கள். பழைய ஹெடரோடு கம்பைல் ஆன நிரல் சிறிய ஸ்ட்ரக்டைத் தரும். புதிய லைப்ரரி அதன் எல்லையைத் தாண்டிப் படிக்கும். பெயரும் மதிப்புமாக இரண்டு சரங்களை வாங்கும் ஒரு ஃபங்ஷன் போதும். தெரியாத பெயர் வந்தால் பிழை திருப்புங்கள். விழுங்கிவிட்டால் எழுத்துப் பிழையோடு மாடல் இரவு முழுதும் பயிற்சி பெறும்.

மாடல்களை ஓட்டும் ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் என்ற லைப்ரரி வேறு வழியில் போகிறது. அழைப்பவர் பதிப்பு எண்ணைச் சொல்லி ஒரு ஃபங்ஷன் அட்டவணையை வாங்குகிறார். புதிய ஃபங்ஷன்கள் அட்டவணையின் கடைசியில் மட்டுமே சேரும். ஒழுங்காகத் தெரியட்டும் என்று யாராவது நடுவில் ஒன்றைச் செருகினால், பழைய நிரல் கணிப்பை அழைக்கும்போது பக்கத்து வரியில் இருப்பது ஓடும்.