எட்டும் ஒன்பதும்: சமுதாயக் கல்லூரிகள் சேர்ந்து தொழில் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், ஒரு சமுதாயக் கல்லூரியின் எந்திரப் பட்டறையில் சில ஆண்டுகள் மாலை வகுப்பு எடுத்தேன். ஒரு ஜனவரியில், கணினி நிரலின்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி எந்திரத்துக்கு நிரல் எழுதும் இரண்டாம் பாடத்தில் எட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். எட்டுப் பேருக்கு வகுப்பு நடத்தினால் கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் அதை ரத்து செய்துவிட்டது. பதினைந்து மைல் தள்ளி இருந்த இன்னொரு கல்லூரியில் அதே பாடத்துக்கு ஒன்பது பேர். அங்கேயும் ரத்து.

எட்டும் ஒன்பதும் பதினேழு. ஒரு பட்டறைக்கு அளவான வகுப்பு அது. என் மாணவி ஒருவர், பகலில் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்ப்பவர், எங்கள் வகுப்பு ரத்தானதும் அந்தக் கல்லூரிக்கு ஓடினார். எங்களிடம் படித்த முதல் பாடத்தின் எண்ணும் பெயரும் அங்கே வேறு. பாடத்திட்டத்தைக் கொண்டு வாருங்கள், துறைத்தலைவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவர் கையொப்பம் வாங்குவதற்குள் அந்த வகுப்பும் இல்லாமல் போனது. இரண்டு கல்லூரிகளும் அப்போது ஒரே வட்டாரக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். கூட்டங்களில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்காருபவர்கள்.

அன்றிலிருந்து, கல்லூரிகள் ஒத்துழைக்கின்றன என்று யார் சொன்னாலும் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: ஒரு கல்லூரியின் மாணவர் மறு கல்லூரியின் வகுப்பில் எத்தனை நாளில் உட்கார முடியும்?

சமுதாயக் கல்லூரி என்பது மதிப்பெண் பார்த்து வடிகட்டாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாண்டுக் கல்லூரி. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவில் 116 இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு ஒன்றுக்கு, கட்டணம் 46 டாலர். செவிலியர், வெல்டர், கார் மெக்கானிக், பல் மருத்துவ உதவியாளர் எனப் பலரும் இங்கிருந்துதான் வேலைக்குப் போகிறார்கள். 2016-இல் மாநில அரசு தொழிற்கல்விக்கென்று ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கி ஒரு திட்டம் தொடங்கியது. அதில் 60 சதவீதம் கல்லூரிகளுக்கு நேராகப் போகும். 40 சதவீதம் வட்டாரக் கூட்டமைப்புகள் வழியாகச் சேர்ந்து செய்யும் வேலைக்குப் போகும். விரிகுடாப் பகுதிக் கூட்டமைப்பில் மட்டும் 28 கல்லூரிகள். சேர்ந்து செய்தால்தான் பணம் என்று அரசே சொன்ன பிறகும் சேராமல் போவது ஏன்?

காரணம் கல்லூரிகளின் வருமானத்தில் இருக்கிறது. 2018-இல் வந்த நிதிப்பங்கீட்டு முறையிலும் சுமார் 70 சதவீதம் மாணவர் சேர்க்கையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு மாணவரை அனுப்பிவைத்தால் அவரோடு பணமும் போகிறது. இதைப் பேசித் தீர்க்காமல் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு, மற்றவற்றுக்கெல்லாம் தாயான தவறும் அதுதான். யாருடைய பட்டறையில் வகுப்பு நடக்கும், யாருடைய கணக்கில் மாணவர் சேருவார், அடுத்த பருவத்தில் யார் முறை என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சங்கடமான பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு நடக்காத இடங்களில் கூட்டறிக்கை மட்டுமே மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, வேலைவாய்ப்புக் கணக்கைப் படிப்பதில் நேரும் தவறு. புதிய தொழிற்பிரிவு தொடங்க வேண்டுமென்றால் அந்தத் தொழிலுக்கு ஆள் தேவை இருக்கிறது என்று கல்லூரி காட்ட வேண்டும். வட்டாரக் கூட்டமைப்பின் பரிந்துரையும் வேண்டும். கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் இதோடு விடவில்லை. ஒவ்வொரு தொழிற்பிரிவையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து, தேவை இருக்கிறதா, சுற்றுவட்டாரத்தில் இதே பயிற்சி வீணாக இரட்டிக்கிறதா, படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று பார்க்கச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பேச்சுக்கு, வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஆண்டுக்கு 300 இடங்கள் காலியாகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கல்லூரிகள் அந்த 300-ஐத் தனித்தனியாகத் தங்கள் விண்ணப்பத்தில் எழுதுகின்றன. தாளில் தேவை 300 தான். ஐவரின் மனத்திலோ அது 1,500 ஆகிவிடுகிறது. அதே தொழிலைக் கற்பிக்கும் தனியார் பள்ளிகளிலிருந்தும் தொழிற்சங்கப் பயிற்சி மையங்களிலிருந்தும் ஆண்டுதோறும் வெளியே வருபவர்களை யாரும் கழிப்பதே இல்லை. மூன்று ஆண்டு கழித்துச் சான்றிதழோடு நிற்கும் இளைஞருக்கு வேலை இல்லாமல் போவது இப்படித்தான். காலியிட எண்ணை மேசையின் நடுவில் வையுங்கள். பக்கத்திலேயே எல்லோரும் சேர்ந்து எத்தனை பேரை ஆண்டுதோறும் வெளியே அனுப்புகிறோம் என்ற எண்ணையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு மிச்சம் இருக்கும் இடம்.

ஒரே பாடம் பல கல்லூரிகளில் இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கார் இல்லாதவர், கைக்குழந்தை உள்ளவர், இரவு வேலை முடித்து வருபவர் இருபது மைல் பயணம் செய்ய முடியாது. அடிப்படைப் பாடங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விலையுயர்ந்த கருவியும் அபூர்வமான ஆசிரியரும் தேவைப்படும் மேல்பாடங்கள் ஒன்றிரண்டு இடங்களில் இருந்தால் போதும்.

இனி அந்த 40 சதவீதப் பணம். அதை வட்டாரத்தின் தேவைக்கு ஏற்பச் செலவிடாமல் பாகப்பிரிவினை செய்வதுபோலக் கல்லூரிக்கு ஒரு கூறு என்று போட்டுவிடும் ஆசை எப்போதும் இருக்கும். யாருக்கும் வருத்தம் வராது, கூட்டமும் சீக்கிரம் முடியும். ஆனால் கூறு போட்ட பணத்தில் எதையும் முழுதாகச் செய்ய முடியாது. அதனால் கல்லூரிகள் கண்ணுக்குத் தெரியும் பொருளை வாங்குகின்றன, பெரும்பாலும் ஓர் எந்திரத்தை. நான் பார்த்த ஒரு பட்டறையில் புதிய மில்லிங் மெஷின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஓராண்டு நின்றது. அந்தக் கட்டடத்துக்கு மும்முனை மின்சாரம் வரவில்லை. பக்கத்துக் கல்லூரியில் மின்சாரமும் இடமும் இருந்தன, எந்திரம்தான் பழையது. மாணவர்கள் அந்த உறையின் மேல் கோட்டுகளைக் கழற்றி வைப்பார்கள். ஒவ்வொரு மாலையும் அதைக் கடந்துபோகும்போது எனக்கு மனம் வலிக்கும்.

எந்திரத்துக்கு முன்னால் ஆசிரியரைத் தேடுங்கள். தொழிற்பிரிவுகள் பலவற்றில் கற்பிக்க இளநிலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு அனுபவமோ, இரண்டாண்டுப் பட்டத்தோடு ஆறு ஆண்டு அனுபவமோ வேண்டும். அத்தனை அனுபவம் உள்ளவர் தொழிற்சாலையில் இதைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறார். அதனால் கிடைப்பவர்கள் பெரும்பாலும் பகுதிநேரத்தார். ஒரு கல்லூரி மாவட்டத்தில், அதாவது கல்லூரிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பில், முழுநேரப் பணிச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஒருவர் திங்கட்கிழமை ஒரு கல்லூரியிலும் செவ்வாய்க்கிழமை வேறொன்றிலும் பாடம் எடுக்கிறார். இடையில் நெடுஞ்சாலையில் இரவு உணவைக் காரிலேயே முடிக்கிறார். எந்தக் கல்லூரியில் எந்த எந்திரம் சும்மா நிற்கிறது, எங்கே மாணவர் குறைவு, எந்த இரண்டு பாடத்திட்டங்கள் உண்மையில் ஒன்றே என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வட்டாரக் கூட்டத்துக்கு அவரை அழைப்பதில்லை, அழைத்தாலும் அந்த நேரத்துக்கு ஊதியம் இல்லை. இந்தத் தவறைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது. வந்து உட்காரும் நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.

முதலாளிகளை அழைப்பதிலும் இதே கதைதான். தொழில் நிறுவனத்தாரைக் கொண்ட ஆலோசனைக் குழுவை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கூட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் அதே மேலாளருக்கு நான்கு கல்லூரிகளிலிருந்து நான்கு அழைப்பு வருகிறது, கேள்விகளும் அவையேதான். முதல் ஆண்டு வருவார், இரண்டாம் ஆண்டு உதவியாளரை அனுப்புவார், மூன்றாம் ஆண்டு மின்னஞ்சலுக்குப் பதில் இருக்காது. ஒரு துறைக்கு ஒரே கூட்டுக் குழு போதும். அதில் கருத்து மட்டும் கேட்காமல், எத்தனை பேரை எடுப்பீர்கள், என்ன சம்பளம், பயிற்சிக் காலத்திலேயே வேலை தருவீர்களா என்று கேட்க வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் டொயோட்டா நிறுவனமும் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியும் 2010-இல் தொடங்கிய பயிற்சியில் மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலும் மூன்று நாள் ஆலையில் சம்பளத்தோடும் இருந்தார்கள். பிற நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, அந்த முறை வேறு மாநிலங்களுக்கும் பரவியது. முதலாளி கையிலிருந்து சம்பளப் பணம் போட்ட பிறகு கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார்.

கடைசியாக, பதிவு அலுவலகம். கூட்டு முயற்சிகளைத் துறைத்தலைவர்களும் முதல்வர்களும் பேசி முடிக்கிறார்கள். மாணவரைச் சேர்க்கும் கணினித் திரைக்கு முன் உட்காருபவரை யாரும் கேட்பதில்லை. முன்பாடம் செல்லுமா, பாட எண் பொருந்துமா, பதிவுக்கு முன்னுரிமை உண்டா என்ற கேள்விகள் எல்லாம் அந்த மேசையில்தான் வந்து முட்டுகின்றன. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஒரு நேரத்தில் ஒரு கல்லூரி வழியாகத்தான் வரும். இரண்டு கல்லூரிகளில் படிப்பவருக்கு இரண்டாவது கல்லூரியின் பாடமும் கணக்கில் சேர வேண்டுமானால், உதவித்தொகை அலுவலகங்களுக்கு இடையே தனி ஒப்பந்தம் வேண்டும். இது தெரியாமல் பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் சேர்ந்து, உதவித்தொகை குறைந்துபோய்ப் பாதியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். பாட எண்களை மாநிலம் முழுவதும் பொதுவாக்க 2021-இல் சட்டம் வந்தது. பட்டறைப் பாடங்கள் அதில் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, இந்தப் பாடமும் அந்தப் பாடமும் ஒன்று என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பதிவு அலுவலகங்களிலும் கொடுத்தால் பெரும்பாலான சிக்கல் தீரும்.

எங்கள் இரண்டு கல்லூரிகளும் மறு ஆண்டு அதைத்தான் செய்தன. இரண்டாம் பாடம் இலையுதிர் பருவத்தில் அங்கே, வசந்த காலத்தில் எங்களிடம் என்று முறை வைத்தார்கள். என் மாணவி ஓராண்டு தாமதமாக அந்தப் பாடத்தை முடித்தார். அந்த முதல் வகுப்பில் பதினாறு பேர் இருந்தார்கள். ரத்தான வகுப்புகளில் பெயர் கொடுத்திருந்த பதினேழு பேரில் ஆறு பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள்.