லாரிப் பட்டறைக்குப் பெரிய ஷெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரியோ போர் போடும் ரிக் வண்டியோ வைத்திருப்பவர்கள், தோட்டத்து ஓரத்தில் ஒரு பெரிய ஷெட் போட்டு அங்கேயே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கும்போது முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் ஒரு ரேட் சொல்வார், அடுத்தவர் அதைவிடக் குறைத்துச் சொல்வார். அந்தக் குறைந்த ரேட்டில் பைப் என்ன கனம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், தகரம் எத்தனை எம்எம் என்று எதுவும் இருக்காது. உள்ளே எந்த வண்டி வரப்போகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், அடியில் என்ன மண், இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் ரேட் கேளுங்கள்.

லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை, அதாவது எட்டரை அடி. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் பத்து அடி ஆகிவிடும். வீல் கழற்றவும் ஜாக்கி தள்ளவும் இரண்டு பக்கமும் நாலு நாலு அடியாவது வேண்டும். ஆக, ஒரு வண்டிக்கு 18 அடி. 12 அடிக்கு ஒரு தூண் நட்டுவிட்டு இரண்டு வண்டி நிற்கும் என்று கணக்குப் போட்டால் நிற்கத்தான் செய்யும், வேலை பார்க்க முடியாது. நீளம் 40 அடி இருக்கிற வண்டிக்கு 40 அடி ஷெட் போதாது, கேபினை முன்னால் சாய்க்க இடம் வேண்டும், பின்னால் ஆள் நடக்க வேண்டும். 55 அடி வைத்துக்கொள்ளுங்கள். சைடு உயரம் 16 அடி என்றால் வாசலில் 16 அடி கிடைக்காது என்பதும் பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது, ஏனென்றால் பீமும் ரோலிங் ஷட்டரின் சுருளும் சேர்ந்து இரண்டு அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். டிப்பர் வைத்திருப்பவர்கள் தொட்டியை முழுக்கத் தூக்கி நிறுத்தி, டேப் பிடித்து அளந்த பிறகே உயரத்தைச் சொல்லுங்கள்.

அடுத்து காற்று. என் பார்வையில் நம் பக்கத்தில் ஷெட்டுக்கு முதல் எதிரி மழை இல்லை, காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் மேல் விழும் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணய ஏடு, ஐஎஸ் 875 மூன்றாம் பாகம், கோவைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அப்படி ஒரு வீச்சு வரும்போது கூரையை அது கீழே அழுத்தாது, மேலே தூக்கும். மூன்று பக்கமும் அடைத்து மேற்கை மட்டும் திறந்து விட்டால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் அடியிலிருந்து முட்டும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும், இரண்டும் சேர்ந்தால் தகரம் மட்டுமல்ல, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். மேற்கை அடைத்துவிடுங்கள், சாயங்கால வெயிலும் உள்ளே வராது. ரோடு மேற்கில் இருக்கிறது, வாசல் அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால், திறந்த பக்கம் மேற்கு என்று சொல்லியே இன்ஜினியரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். தூணுக்குத் தூண் பெருக்கல் குறி போலக் கொடுக்கும் குறுக்கு ஆங்கிளைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள், ஷெட் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது அதுதான். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம், அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வர வேண்டும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் சீக்கிரமே வெடித்து ஒழுகும். துளை போடும்போது விழும் இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் புதுத் தகரத்தில் துருப்பொட்டு விழும்.

தூக்குகிற கூரையைப் பிடித்து வைப்பது அஸ்திவாரத்தின் கனம். அமெரிக்காவில் மருந்தேற்றிய மரக்கம்பங்களை நேராக மண்ணில் நட்டே பெரிய கொட்டகைகளை எழுப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே இரும்பு பைப்பைக் குழியில் இறக்கிக் கான்கிரீட் கொட்டிவிடுகிறார்கள். ஈரம் தேங்கும் தரைமட்டத்தில் பைப் துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் பளபளவென்றிருக்க அந்த ஒரு விரற்கடை மட்டும் அரித்துப்போயிருக்கும். தரைக்கு மேல் ஓர் அடி கான்கிரீட் பீடம் எழுப்பி, அதில் புதைத்த ஆங்கர் போல்ட்டில் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டை முடுக்கி நிறுத்துவதே சரி. கரிசல் மண் என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், அந்த மண்ணைத் தாண்டி அடியில் கெட்டியான தரை தட்டும்வரை தோண்டத்தான் வேண்டும். இன்னொன்று, இடத்தைப் பழையவர்கள் யாரிடமாவது காட்டி, இங்கே கிணறோ வாய்க்காலோ இருந்ததா என்று விசாரியுங்கள். மூடிய கிணற்றின் மேல் தூண் வந்தால் பல வருஷம் கழித்தும் இறங்கும்.

தரைக்கு ஆறு அங்குலக் கான்கிரீட், கம்பியோடு, வாசல் பக்கம் லேசான வாட்டத்தோடு. வெடிப்பு கண்டபடி ஓடாமலிருக்க, கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் கோடு கோடாக ஜாயின்ட் வெட்டிவிட வேண்டும். சாம்பல் கலந்து வரும் பிபிசி (PPC) சிமென்ட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும், ஆடிக்காற்றில் போட்டால் மேல்பக்கம் சடசடவென்று காய்ந்து வெடிப்பு விடும் என்பதால் உடனே ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

வண்டிக்கு அடியில் போய் வேலை பார்க்கும் குழியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்ரோல் ஆவியும் எல்பிஜியும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் நேராகக் குழிக்குள் இறங்கித் தேங்கும், ஒரு சாதாரண சுவிட்சின் பொறி போதும். குழிக்குள் பிளக் பாயிண்ட் வேண்டாம், தீப்பொறி வெளியே வராத விளக்கு போடுங்கள், அடிமட்டத்துக் காற்றை வெளியே இழுக்க ஏற்பாடு செய்யுங்கள், இரண்டு முனையிலும் படி வையுங்கள். சிஎன்ஜி நேர்மாறு, மேலே ஏறி முகட்டில் நிற்கும். அதற்கு முகட்டில் காற்றுப்போக்கி வேண்டும்.

கரண்ட்டுக்குத் தோட்டத்து மோட்டார் சர்வீஸிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். விவசாய இணைப்பில் பட்டறை ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். வெல்டிங்குக்கும் கம்ப்ரசருக்கும் த்ரீ ஃபேஸ் வேண்டும் என்பதால், அஸ்திவாரம் தோண்டும்போதே தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.