குழந்தைகளுக்கு ஃபோம் பிளாக்: வீட்டிலேயே தைக்கும் முறை

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, மெத்தைக் கடையில் வாங்கிய ஃபோமைச் செங்கல் செங்கலாக வெட்டி, துணி எதுவும் போடாமல் அப்படியே விளையாடக் கொடுத்தேன். அரை மணி நேரம் அழகாக அடுக்கினாள். திரும்பிப் பார்த்தால் ஒரு கட்டையின் மூலையில் பல் பதிந்த பள்ளம். வாயைத் திறக்கவைத்து, உதட்டோரம் தெரிந்த துண்டை எடுக்கும்வரை எனக்கு உயிரே இல்லை. நெல்லிக்காய் அளவு இருந்தது.

அதற்கப்புறம் ஃபோம் வெட்டுவதைவிட அதன்மேல் போடும் துணிக்கும் தையலுக்கும்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஃபோம் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, அது குழந்தையின் வாய்க்கு எட்டவே கூடாது. கீழே சொல்லும் முறை முழுக்க அதற்காகத்தான். சாதாரணத் தையல் மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும்.

அளவு

12 × 6 × 3 அங்குலம். இதுதான் அடிப்படைக் கட்டை. நியூயார்க்கில் 1914-ல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட், குழந்தைகளுக்காக வடிவமைத்த மரக்கட்டைகளை 1:2:4 என்ற விகிதத்தில் வைத்தார். நம் கட்டையும் அதே விகிதம். இதனால் என்ன பயன்? நான்கு கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கினால், ஐந்தாவதை நிறுத்திவைத்த உயரம் சரியாக வரும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சதுரம். குழந்தை கட்டும் வாசலும் பாலமும் கோணாமல் நிற்பது இந்தக் கணக்கால்தான். முதல் முறை 12 கட்டைகள் போதும். அரைக்கட்டை, முக்கோணக் கூரையெல்லாம் கை பழகியதும் செய்துகொள்ளலாம்.

ஃபோம் வாங்குவது

மெத்தை, சோபா வேலை செய்யும் கடைகளில் கிடைக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம்தான் வேண்டும். 32 டென்சிட்டி கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை என்று அர்த்தம். குழந்தை ஏறி நிற்கும், குதிக்கும் என்றால் 40 நல்லது.

கடையில் சொல்லும் டென்சிட்டியை அப்படியே நம்ப வேண்டாம், எடை போட்டுப் பாருங்கள். 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அங்குலத் தடிமன் உள்ள முழு ஷீட் 32 டென்சிட்டியாக இருந்தால் 4 கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 40 என்றால் 5 கிலோவுக்கு மேல். மூன்று கிலோதான் வருகிறது என்றால் அது மட்டமான ஃபோம், சீக்கிரமே அமுங்கிப்போகும். முழு ஷீட்டில் 36 கட்டைகள் வரும். 32 டென்சிட்டியில் ஒரு கட்டை சுமார் 113 கிராம். கோபுரம் சரிந்து தலையில் விழுந்தாலும் பயமில்லை.

மூன்று பொருள்களை நான் தொடுவதில்லை. வெட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோம்: அதில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம்: அது கடித்த உடனே பெயர்ந்து வரும். அப்புறம் பெயர் தெரியாத இ.வி.ஏ. பாய்கள், அதாவது ரப்பர்போல் மெத்தென்ற பிளாஸ்டிக்கில் செய்து, துண்டு துண்டாகக் கோர்த்து விரிப்பவை. ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் வெளியாகிறது என்று 2010 டிசம்பரில் பெல்ஜியம் அத்தகைய புதிர்ப் பாய்களின் விற்பனையைத் தடுத்தது. அடுத்த ஆண்டு பிரான்சும் நிறுத்திவைத்தது. எல்லா இ.வி.ஏ.வும் கெட்டது இல்லை. சோதனை விவரம் இல்லாததை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

வாங்கி வந்த ஃபோமைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் மூன்று நான்கு நாள் விடுங்கள். புது வாசனை போக வேண்டும். வெயில் வேண்டாம், மஞ்சளாகிவிடும்.

வெட்டுவது

கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்வது உத்தமம். வீட்டில் என்றால் ஸ்கேல் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, நீளமான கட்டர் பிளேடை முழுதாக வெளியே இழுத்து, அழுத்தாமல் நாலைந்து இழுப்பில் வெட்டுங்கள். ஃபோமைக் கையால் அமுக்கிப் பிடித்தால் வெட்டு உள்வாங்கிக் கோணலாகும். தெர்மகோல் வெட்டும் சூடான கம்பியை பி.யூ. ஃபோமுக்குப் பயன்படுத்தவே கூடாது. அந்தப் புகை விஷம். 3 அங்குல ஷீட்டாகவே வாங்கிவிட்டால் பசைக்கும் வேலை இல்லை.

துணி

உள் உறைக்கு காடாத் துணி. வெளி உறைக்குக் கெட்டியான பருத்தி கான்வாஸ் அல்லது டிரில். 12 கட்டைகளுக்கு 44 அங்குல அகலத்தில் மூன்றரை மீட்டர் வெளித்துணி எடுங்கள். ரெக்சின் துடைக்க வசதிதான். ஆனால் அது பி.வி.சி.; வளைவதற்காக அதில் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம். வாயில் வைக்கும் வயதுக்கு நான் தரமாட்டேன்.

இரண்டு துணியையும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சலவையிலேயே உறை சுருங்கி, ஃபோம் உள்ளே போகாது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி குழந்தைக்கு ஆகாது.

உறை தைப்பது

உறை ஃபோமைவிட கால் அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தொய்வில்லாமல் விறைப்பாக நிற்கும். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் சேர்த்த வெட்டு அளவுகள் இவை:

முகப்புத் துண்டு 2: 12¾ × 6¾ அங்குலம்
சுற்றுப்பட்டி 1: 22 × 3¾ அங்குலம்
ஜிப் பட்டி 2: 15 அங்குல நீளம், 2 அங்குலம் 3 நூல் அகலம் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு)

உள் உறைக்கு ஜிப் கிடையாது. இரண்டு முகப்பும், 36 × 3¾ அளவில் ஒரே பட்டியும் வெட்டி, ஒரு பக்கம் 8 அங்குலம் திறந்துவிட்டுச் சுற்றிலும் இரட்டைத் தையல் போடுங்கள். ஃபோமை நுழைத்ததும் அந்த வாயைக் கையால் நெருக்கமாகத் தைத்து மூடிவிடுங்கள். வெளி ஜிப்பைக் குழந்தை திறந்துவிட்டால்கூட ஃபோம் கைக்குக் கிடைக்காது. என் மகள் கடித்த கட்டைக்கு இது ஒன்று இருந்திருந்தால் போதும்.

வெளி உறைக்கு முதலில் ஜிப். இரண்டு ஜிப் பட்டிகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, அரை அங்குலம் விட்டு நீளத்தையலாக (பிறகு பிரிக்கப்போகும் பெரிய தையலாக) ஓட்டுங்கள். மடிப்பைப் பிரித்து இஸ்திரி போட்டு, அதன் பின்னால் 5-ம் நம்பர் நைலான் ஜிப்பை வைத்து இரு ஓரமும் தையுங்கள். பிறகு நடுவில் போட்ட நீளத்தையலைப் பிரித்துவிட்டால் ஜிப் துணிக்குள் மறைந்திருக்கும். ரன்னரைக் கோர்த்து, அதன் பிடியை மட்டும் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய இடம் குத்தாமல் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். நாம் திறக்க ஒரு ஜெம் கிளிப் போதும், குழந்தையால் திறக்க முடியாது.

ஜிப் பட்டியின் இரு முனைகளையும் சுற்றுப்பட்டியோடு சேர்த்தால் ஒரு வளையம் கிடைக்கும். ஜிப் முனைகளின் மேல் இரண்டு முறை ரிவர்ஸ் தையல் போடுங்கள். இப்போது ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்தால் முழுதும் தைத்த பிறகு உறையைத் திருப்ப வழியிருக்காது.

ஜிப், முகப்புத் துண்டின் நீளப் பக்கத்தில் நடுவில் வரும்படி வளையத்தைக் குண்டூசியால் பொருத்துங்கள். இரு மூலையையும் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் ஜிப் மடங்கும். அது சரிதான். மூலையில்தான் புதிதாகத் தைப்பவர்கள் தடுமாறுவார்கள். ஓரத்துக்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வையுங்கள். பாதத்தைத் தூக்குங்கள். பட்டித் துணியில் மட்டும் மூலைக்கு நேராக, தையலுக்கு ஒரு நூல் தள்ளி, சின்னதாக ஒரு வெட்டு. துணியைத் திருப்பினால் பட்டி அந்த வெட்டில் விரிந்து அடுத்த பக்கத்தோடு தானாகப் படியும். பாதத்தை இறக்கித் தொடருங்கள். எட்டு மூலையிலும் இதேதான். வெட்டு விட்ட இடங்களில் இன்னொரு தையல் போட்டு, ஓரங்களை ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் செய்யுங்கள்.

பொத்தான், மணி, ஒட்டுக் கண், ரிப்பன் எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. கழன்று வந்தால் ஜிப் ரன்னரும் அதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் முனைகளில் அவ்வளவு தையல்.

கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு தையலையும் இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் பல்லிளித்தால் மறுபடி தையுங்கள். தொட்டிலில், தூங்கும் இடத்தில் போடாதீர்கள். கைக்குழந்தையின் மூக்கை அடைத்துவிடும். அடுப்படி, குத்துவிளக்கு, ஊதுவத்தி இருக்கும் இடத்திலும் வேண்டாம். பி.யூ. ஃபோம் சட்டென்று பற்றும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

நன்றாக வந்ததும் விற்கலாமே என்று தோன்றும். அதற்குச் சட்டம் உண்டு. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளை இந்தியாவில் விற்க பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஐ.எஸ். 9873 தரப்படி உடையும் தன்மை, தீப்பற்றும் தன்மை, ஈயம் போன்ற தனிமங்கள் எல்லாம் சோதிக்கப்படும். உரிமம் வாங்கிய பிறகே ஆர்டர் எடுங்கள்.

மாதம் ஒருமுறை வெளி உறையைக் கழற்றித் துவைக்கும்போது உள் உறையின் தையலையும் பாருங்கள். கட்டையை அமுக்கினால் திரும்ப எழவில்லை, அல்லது உள்ளே மணல்போல் உதிர்வது கைக்குத் தெரிகிறது என்றால் ஃபோம் முடிந்துவிட்டது. உள் உறையோடு அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்துப் போடுங்கள்.