டயாலிசிஸோடு வாழப் பழகியது: என் அனுபவம்

வாரம் 3 முறை, 4 மணி நேரம். அந்த நாட்களை ஆயுளில் கழிக்காமல் சேர்த்து எண்ணத் தொடங்கியதும்தான் மனம் அமைதியானது. பெரும்பாடு தாகம்தான். முந்தைய நாள் சிறுநீர் அளவோடு 500 மில்லி கூட்டி, அவ்வளவுதான் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்பது மருத்துவர் எனக்கு வைத்த கணக்கு. காலையிலேயே பாட்டிலில் அளந்துவைத்து, காபி, ரசம், மோர் எது குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுவேன். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்தினாலே பாதித் தாகம் அடங்கும். தண்ணீர் கேட்பது உப்பு. சோடியம் குறைந்த உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்: அதில் பொட்டாசியம் இருக்கிறது, இதயத்துடிப்பையே குலைக்கும். இளநீரும் அப்படித்தான். காயிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்க, அதைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, வடித்த பிறகே தாளிப்பு.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்ட கையில் பிரஷர் பார்க்கவோ, டயாலிசிஸுக்குத் தவிர ஊசி குத்தவோ விடுவதில்லை. எழுந்ததும் அங்கே விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். எனக்கு அவ்வளவு பிடித்த காலை வணக்கம் அது. அதிர்வு இல்லையென்றால் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.